முட்டை குறைந்ததற்கு வெடைச்சேவல்தான் காரணமா? அறிகுறி வாரியாகப் பார்க்கும் வழி

வேலூர், குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டுக் கோழி வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். வீட்டிலேயே பொரித்து வளர்ந்த வெடைச்சேவல், அதாவது இப்போதுதான் வயதுக்கு வருகிற இளஞ்சேவல், கூவத் தொடங்கி, பெட்டைகளைத் துரத்தத் தொடங்கிய மாதத்தில் முட்டை குறைந்துவிடுகிறது. தினம் நாலு முட்டை கிடந்த கூடையில் ஒன்று கிடக்கும், சில நாள் அதுவும் இருக்காது. "ண்ணா, இந்தச் சேவல் ஏற ஆரம்பிச்சதுலேர்ந்து முட்டையே காணோம்ணா, ஞாயித்துக்கெழம அறுத்துடட்டா?" என்று ஒடுகத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது, கொஞ்சம் விரிவாக.

கோழி முட்டை வைக்கச் சேவல் தேவையில்லை. சேவல் இருக்கிற ஒரே காரணத்தால் முட்டை நின்றுபோவதும் இல்லை. ஒரு முட்டை கோழியின் உடம்புக்குள் முழுசாக உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு கட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். மஞ்சள் கருவோ அதற்கு முன்பே ஒரு வாரம், பத்து நாளாகச் சினைப்பையில் பெருத்துக்கொண்டு வந்திருக்கும். இந்த வேலை தடையில்லாமல் நடக்கக் கோழிக்கு வயிறு நிறையத் தீனி வேண்டும், நிழலும் தண்ணீரும் வேண்டும், முட்டை வைக்க மறைவான இடம் வேண்டும், ராத்திரி பயமில்லாமல் அடைய வேண்டும். வெடைச்சேவல் கெடுப்பது இந்த நாலில் ஏதாவது ஒன்றைத்தான். எது கெட்டது என்று தெரிந்துவிட்டால் சேவலையும் வைத்துக்கொள்ளலாம், முட்டையும் எடுக்கலாம். பல வீடுகளில் சேவல் எதையுமே கெடுத்திருக்காது, பழி மட்டும் அதன் மேல் விழுந்திருக்கும்.

அதனால் முதலில் ஒரு வாரம் தினசரி காலண்டர் தாளிலேயே குறித்து வையுங்கள்: எத்தனை முட்டை, எந்தக் கோழி, எங்கே வைத்தது, ஓடு எப்படி இருந்தது. நாட்டுக்கோழி தினமும் வைக்கிற சாதி இல்லை. ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு மூன்று நாலு ஈடுதான். ஒரு நாள் கணக்கைப் பார்த்து முடிவு எடுத்தால் தப்பாகத்தான் போகும்.

கோழி கேறுகிறது, கூடையில் முட்டை இல்லை

கொண்டை நல்ல சிவப்பாக இருக்கிறது, காலையில் கேறிக்கொண்டே இடம் தேடுகிறது, அப்புறம் ஒரு மணி நேரம் ஆளையே காணோம், திரும்பி வரும்போது கொக்கரித்துக்கொண்டு வருகிறது. இப்படி இருந்தால் முட்டை குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

முதிர்ந்த சேவல் பெட்டையைச் சுற்றி ஒரு இறக்கையைத் தரையில் உரசியபடி ஆடி வரும். தீனி கண்டால் தான் தின்னாமல் கூப்பிட்டுக் கொடுக்கும். பெட்டை தானாகப் பதுங்கும். வெடைச்சேவலுக்கு இந்தப் பக்குவம் எதுவும் இன்னும் வந்திருக்காது; மறைந்து நின்று பாயும், கழுத்து இறகைக் கவ்விக்கொண்டு ஏறும். அது காத்து நிற்க வசதியான இடம் முட்டைக்கூடைப் பக்கம்தான். கோழி எப்படியும் அங்கே வந்தாக வேண்டும், முட்டை வைத்த பிறகு சத்தமும் போடும். ரெண்டு நாள் அங்கே துரத்தல் பட்ட கோழி மூன்றாம் நாள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் வைக்கோல் போர், மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொடி அடுக்கி வைத்த இடம், கரும்புக் கொல்லையின் ஓரம், விறகு அடுக்கின் பின்புறம்.

கண்டுபிடிக்க எளிய வழி, மூன்று நாளைக்குக் கூண்டைக் காலையில் திறக்காமல் வைப்பது. உள்ளே தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுச் சேவலை மட்டும் வெளியே விடுங்கள். பதினொரு மணி வரை அடைத்து வைத்தால் அன்றைக்கு வைக்க வேண்டிய கோழிகளில் பெரும்பாலானவை உள்ளேயே வைத்துவிடும். மூன்று நாளில் பழைய கணக்கு திரும்பி வந்தால் நோயும் இல்லை, குறையும் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். நம் பாட்டிமார் இதை இன்னும் சுருக்கமாகச் செய்தார்கள். காலையில் கூண்டைத் திறக்கும்போதே ஒவ்வொரு பெட்டையையும் பிடித்துப் பின்புறம் விரலால் தொட்டுப் பார்த்து, முட்டை தட்டுப்படுகிற கோழியை மட்டும் பஞ்சாரம் என்கிற பெரிய மூங்கில் கூடையைப் போட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். முட்டை வைத்த பிறகுதான் விடுதலை. இன்றைக்கும் இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரியாது.

வெளியே ஒளித்து வைத்த முட்டைக் குவியல் கிடைத்தால் கவனம். சேவல் இருக்கிற வீட்டு முட்டையில் கரு கட்டியிருக்கும், நம் ஊர் வெயிலில் அடைக்கோழி உட்காராமலே அந்தக் கரு வளரத் தொடங்கிவிடும். எப்போது வைத்தது என்று தெரியாத முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பழசு, எறிந்துவிடுங்கள். மூழ்கியதையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே சமையலில் சேர்க்க வேண்டும்.

இடத்தைச் சரிசெய்வது சுலபம். நாலைந்து கோழிக்கு ஒரு கூடை என்ற கணக்கில், ஒன்றுக்கொன்று தள்ளி, இருட்டான மூலையில் வையுங்கள். முன்னால் ஒரு கோணியைத் தொங்கவிட்டு, கோழி நுழைகிற அளவுக்கு மட்டும் கிழித்துவிடுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது, அதுதான் முக்கியம். கூடையில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவைத்தால் கோழி அந்த இடத்தை நம்பி வரும். அதில் கரியால் ஒரு கோடு போட்டு வையுங்கள், எடுக்கும்போது குழப்பம் வராது.

முதுகில் இறகு இல்லை, கோழி ஒளிந்தே கிடக்கிறது, முட்டை நிஜமாகவே குறைந்துவிட்டது

சேவல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அறிகுறி இது. முதுகிலும் தலைக்குப் பின்னாலும் இறகு உதிர்ந்து தோல் தெரியும். கோழி பகலிலும் பரண் மேலே, மரக்கிளையிலே உட்கார்ந்திருக்கும். சேவல் அந்தப் பக்கம் திரும்பினாலே அலறும். கொண்டை வெளிறிச் சுருங்கத் தொடங்கும்.

உடனே கோழியைப் பிடித்து இரண்டு இறக்கைகளையும் தூக்கிப் பாருங்கள். வெடைச்சேவலுக்குக் கால் முள் இன்னும் முளை அளவுதான் இருக்கும். கிழிப்பது நகம், கிழிபடுவது இறக்கைக்கு அடியில் விலாப்புறம். இறகு மூடிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. நம் ஊர் ஈ மொய்த்து ரெண்டு நாளில் புழு வைத்துவிடும். மேலோட்டமான கீறல் என்றால் காய்ச்சி ஆற்றிய உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, ஆறும் வரை தனியாக வையுங்கள். ரத்தம் தெரிந்தால் மற்ற கோழிகளே கொத்தும், அதனால்தான் தனியாக. தோல் பிளந்து சதை தெரிந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு கோழிதானே என்று விட்டுவிடாதீர்கள், அதற்கும் வலிக்கும்.

அடுத்தது, ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டை இருக்கிறது என்று எண்ணுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது சரியான கணக்கு. மூன்று பெட்டைக்கு ஒரு வெடைச்சேவல், அல்லது ஆறு பெட்டைக்கு இரண்டு சேவல் என்று இருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். இரண்டு சேவல் இருக்கிற இடத்தில் ஒன்று ஏறி இறங்குவதற்குள் இன்னொன்று வந்து அதைத் தள்ளிவிட்டு ஏறும், அடி முழுக்கப் பெட்டைக்கு. கணக்கு சரியாக இருந்தாலும் சில சேவலுக்குப் பிடித்த பெட்டை என்று ஒன்று இருக்கும். மற்றவையெல்லாம் பளபளவென்று இருக்க, அது ஒன்று மட்டும் மொட்டையாகத் திரியும். அந்தக் கோழியின் முதுகுக்கு ஒரு கெட்டித் துணியை இறக்கைக்கு அடியில் நாடாவால் கட்டிவிட்டால் தோல் தப்பும். இறகு பாதியில் முறிந்திருந்தால் அடுத்த உதிர்ப்பு வரை புதுசு வராது. வேரோடு பிடுங்கப்பட்டிருந்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

எடையையும் பாருங்கள். சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிப் பெட்டை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். அதன் மேல் மூன்று நாலு கிலோ பெருவிடைச் சேவலை விடுகிறார்கள், குஞ்சு பெரிசாக வரும் என்ற ஆசையில். வனராஜா மாதிரி கனமான இனச் சேவலும் அப்படித்தான். பெட்டை தாங்காது. இந்த ஜோடியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இப்போது தீர்வு. அறுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், முதலில் நேரத்தால் பிரியுங்கள். கோழிகள் பெரும்பாலும் காலையிலிருந்து நடுப்பகலுக்குள் முட்டை வைக்கும். சேவல் இயல்பாக அதிகம் மிதிப்பது பிற்பகல் மூன்று நாலு மணிக்கு மேல். காலையில் கூண்டைத் திறக்கும்போதே வெடைச்சேவலை வேப்பமர நிழலில் பஞ்சாரத்தில் போட்டுவிடுங்கள், தண்ணீரும் தீனியும் உள்ளேயே. பெட்டைகள் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கட்டும், அப்போதுதான் திரும்ப விடும்போது புதுச் சேவல் வந்தது போல ரகளை நடக்காது. மாலையில் ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். ஒரு முறை மிதித்தாலே அந்த விந்து கோழியின் உடம்பில் பத்து நாளுக்கு மேல் தங்கிக் கருக்கட்டும், அதனால் குஞ்சுக்கு ஒரு குறையும் வராது. தினமும் கூட வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் விட்டாலும் அடை முட்டை பொரியும்.

இப்படிப் பிரித்ததும் மறுநாளே முட்டை வராது. துரத்தலில் ஒரு நாள் ரெண்டு நாள் தவறியிருந்த கோழி சீக்கிரம் வைத்துவிடும். ஆனால் முட்டையே நின்றுபோன கோழிக்கு மஞ்சள் கரு மறுபடி முதலிலிருந்து பெருக்க வேண்டும், அதற்கே ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிடும். இரண்டு வாரம் முழுசாகக் காத்திருங்கள். அதற்குள் முதுகில் முளை இறகு தெரிந்து, கொண்டை சிவந்து, முட்டை வரத் தொடங்கினால் காரணம் சேவல்தான். மூன்று வாரம் ஆகியும் அசைவு இல்லையென்றால் அடுத்து வருவதைப் படியுங்கள்.

நகத்தின் கூர் முனையை மட்டும் நகவெட்டியால் எடுத்து, அரத்தால் மழுக்கிவிடுவதும் நல்லது. ராத்திரியில் செய்தால் சேவல் அடங்கி இருக்கும். உள்ளே ரத்தக்குழாய் ஓடுவதால் ஆழமாக வெட்டக்கூடாது.

பெட்டை இளைக்கிறது, தீனித் தட்டுப் பக்கம் வருவதே இல்லை

ஒரே தட்டில் தீனி போடுவதால் வருவது. வெடைச்சேவல் தட்டை மறித்து நிற்கும், பயந்த பெட்டை எல்லாம் முடிந்த பிறகு உமியைக் கிளறும். சாயங்காலம் அடையும்போது கழுத்துக்குக் கீழே இருக்கிற இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் இரண்டு தட்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாத இடத்தில். வெறும் நொய்யும் தவிடும் போதாது. கம்பு, கேழ்வரகோடு கொஞ்சம் மல்லாட்டைப் புண்ணாக்கு சேருங்கள், புரதம் இல்லாமல் முட்டையும் வராது, இறகும் முளைக்காது. புண்ணாக்கில் பூசணம் பிடித்த வாடை இருந்தால் மட்டும் போடவே கூடாது, அது கல்லீரலைக் கெடுக்கும்.

தோல்முட்டை, வரம்பு விழுந்த முட்டை, சுண்ணாம்பு அப்பிய முட்டை

ஓட்டைப் பார்த்தே பாதிக் கதையைப் படித்துவிடலாம். ஒரு முட்டை ஓடு கட்டும் பைக்குள் இருக்கும்போது கோழி பயந்தால், அது வெளியே வர வேண்டிய நேரத்தைத் தாண்டி உள்ளேயே நிற்கும். கூடுதல் நேரம் நின்ற முட்டையின் மேல் வெள்ளைப் பொடி அப்பினது போல ஒரு பூச்சு ஏறும். ஓடு மெல்லிசாக இருக்கும் நேரத்தில் மேலே இருந்து அமுக்கினால் உள்ளேயே விரிசல் விழுந்து, அதன் மேலேயே மறுபடி ஓடு கட்டி, நடுவில் ஒட்டுப் போட்டது போன்ற வரம்போடு வெளியே வரும். ஓடு கட்டத் தொடங்குகிற நேரம் பெரும்பாலும் பிற்பகலும் முன்னிரவும். சேவல் துரத்துவதும் அதே நேரம்தான்.

வரம்பு முட்டை ஒரே கோழியிடமிருந்து வருகிறதா, அந்தக் கோழிதான் சேவலுக்குப் பிடித்த பெட்டையா என்று பொருத்திப் பாருங்கள். பொருந்தினால், மாலையில் சேவலை விடுவதை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையுங்கள், அந்தப் பெட்டையை அந்த நேரத்தில் தனியாகப் பிடித்து வையுங்கள்.

எல்லாக் கோழியும் ஓடு கட்டாத தோல்முட்டை வைத்தால் அது சேவல் வேலை இல்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைவு, அல்லது வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது ஓட்டுக்கு வேண்டிய கரியமில வாயு ரத்தத்திலிருந்து மூச்சோடு போய்விடுகிறது. அதனால்தான் சித்திரை வைகாசியில் ஓடு மெலிகிறது. கிளிஞ்சல் தூளையோ, வறுத்து நொறுக்கிய முட்டை ஓட்டையோ தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். தீனியோடு கலக்க வேண்டாம். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். வளரும் சேவல் அதையே மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெடும்.

ஓடு சுருங்கிப்போய், உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால், கூடவே தும்மலும் மூக்கில் சளியும் இருந்தால், அது சுவாச நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூடப் பிறந்த சேவல் கூவுகிறது, வெடைக்கோழி இன்னும் முட்டையே வைக்கவில்லை

பயப்பட வேண்டாம், இது வயதுக் கணக்கு. நாட்டு வெடைக்கோழி முதல் முட்டை வைக்க ஐந்தரை ஆறு மாதம், சிலது ஆறரை மாதம் கூட ஆகும். கூடப் பொரித்த சேவலோ நாலைந்து மாதத்திலேயே துரத்தத் தொடங்கிவிடும். இடையில் இருக்கிற அந்த ஒன்றரை மாதம்தான் வெடைக்கோழிக்குக் கஷ்டகாலம். உடம்பு தயாராகாத நேரத்தில் நாளெல்லாம் ஓடி ஒளிந்தால் முதல் முட்டை தள்ளிப்போகும்.

அதனால் மூன்று மாதம் முடிந்ததும் பிரிப்பதுதான் நல்லது. கொண்டை சிவப்பதற்கு முன்பே அடையாளம் பார்க்க வேண்டுமென்றால் கழுத்திலும் இடுப்பிலும் உள்ள இறகின் முனையைப் பாருங்கள்: சேவலுக்கு ஊசியாக நீண்டு பளபளக்கும், பெட்டைக்கு உருண்டையாக இருக்கும். வெடைக்கோழியைத் தூக்கிப் பின்புறம் இருக்கிற இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக நுழைந்து, கையை நீட்டினால் கோழி தானாகப் பதுங்கினால், ரெண்டு மூன்று வாரத்தில் முட்டை. அதன் பிறகு சேவலோடு விடலாம்.

வெடைச்சேவலை ஒரு வயதான சேவலோடும் முதிர்ந்த பெட்டைகளோடும் வளர்த்தால் அடங்கி வளரும். தாய்க்கோழிகள் தலையில் நாலு கொத்து வைத்தே பாதிப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான சேவலுக்கு அந்த வேகம் தணிந்துவிடும்.

சந்தையில் வாங்கிய சேவல் வந்த பத்து நாளில் எல்லாக் கோழியும் நிறுத்திவிட்டது

இதைத்தான் நான் மிகவும் பயப்படுவேன். பொய்கையில் செவ்வாய்க்கிழமை சந்தை. நாலா பக்கத்துக் கால்நடையும் வந்து கூடுகிற இடத்தில் நோயும் கூடும். அப்படி ஒரு சந்தையில் பிடித்த சேவலை நேராகக் கூண்டில் விட்டவர்கள், முட்டை நின்றதும் "சேவல் ராசியில்லை" என்கிறார்கள். ராசி இல்லை, வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயாக இருக்கலாம்.

எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போகிறதா, கோழி கூனிக் குறுகி நிற்கிறதா, மூச்சுக்கு வாயைத் திறக்கிறதா, கழுத்து திருகுகிறதா? ஆம் என்றால் உடனே எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வருஷா வருஷம் பிப்ரவரியில் கிராமம் கிராமமாக இலவச முகாம் நடத்துகிறது, அதை விட்டுவிடாதீர்கள். நோய் வந்த கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது இன்னொரு வீட்டுக் கூண்டைக் காலி செய்வதற்குச் சமம், தயவு செய்து செய்யாதீர்கள். செத்ததை ஏரியிலோ பாலாற்றிலோ வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

நோய் அறிகுறி ஒன்றும் இல்லையென்றால் பேனைப் பாருங்கள். ராத்திரி டார்ச் அடித்து, சேவலின் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கினால் தெரியும். ஒரு சேவல் கொண்டுவந்த பேன் ஒரு மாதத்தில் எல்லாக் கோழிக்கும் ஏறி வாட்டிவிடும். மரச்சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருக்கும் செந்நிற உண்ணியையும் அப்போதே தேடுங்கள். கூண்டைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்து, அடுப்புச் சாம்பலும் மணலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்த குழி ஒன்றை நிழலில் போட்டுக் கொடுத்தால் கோழிகள் தாங்களே புரண்டு கொஞ்சம் உதிர்த்துக்கொள்ளும். அதிகமாக இருந்தால் மருத்துவர் தரும் மருந்துதான்.

எந்த ஊர்ச் சேவலாக இருந்தாலும் மூன்று வாரம் தனிக்கூண்டு, தனித் தண்ணீர்ப் பாத்திரம். முதலில் வீட்டுக் கோழிக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகப் புதுச் சேவலிடம் போக வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. அப்புறம் கூட்டத்தோடு சேர்த்தாலும் ஒரு வாரம் முட்டை குறையத்தான் செய்யும். யார் பெரியவர் என்று கோழிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் நாள் அது, தானாகச் சரியாகிவிடும்.

சேவலைப் பிரித்தும் முட்டை வரவில்லை

மாதத்தைப் பாருங்கள். தையில் பொரித்த சேவல் துரத்தத் தொடங்குவது வைகாசியில். அதே நேரத்தில் வேலூரில் கத்திரி வெயில், 40 டிகிரி தாண்டும் நாள்கள். கோழி பாதித் தீனிதான் எடுக்கும், முட்டை தானாகக் குறையும். ஆடியில் பொரித்த சேவல் வயதுக்கு வருவது மார்கழியில். அப்போது நம் ஊரில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு; நிறைய முட்டை வைக்கும் இனங்களுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். சேவல் வந்ததும் முட்டை போனதும் ஒரே மாதம் என்பதால் ஒன்றினால் மற்றது என்று தோன்றிவிடுகிறது.

வெயில் நாளில் நடுப்பகலில் வெடைச்சேவல் கோழியைத் துரத்துவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஏற்கெனவே இரைத்துக்கொண்டிருக்கும் கோழி ஓடி விழுந்து செத்தே போகலாம். மண்பானைத் தண்ணீர், கூரை மேல் தென்னங்கீற்று, காலையிலும் மாலையிலும் மட்டும் தீனி.

இறகு உதிர்ப்பையும் சேவல் பிடுங்கியதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. உதிர்ப்பு என்றால் தலை, கழுத்தில் தொடங்கி உடம்பு முழுக்கப் பரவும், கூண்டு நிறைய இறகு கிடக்கும், ஊசி ஊசியாகப் புதுசு முளைத்திருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முட்டை இருக்காது, விட்டுவிடுங்கள். கூடையை விட்டு எழாமல், கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிற கோழி அடைக்கு வந்திருக்கிறது. அடை வையுங்கள், அல்லது கூடையை எடுத்துவிட்டுக் காற்றோட்டமான கம்பிக் கூண்டில் மூன்று நாலு நாள் வைத்துத் தெளிய விடுங்கள்.

முட்டையில் ரத்தப்புள்ளி

சேவல் மிதித்ததால் வந்தது என்பார்கள். இல்லை. சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபடும்போது ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் கசிந்தது, அவ்வளவுதான். சேவலே இல்லாத பண்ணை முட்டையிலும் வரும். தாராளமாகச் சாப்பிடலாம்.

முட்டை வருகிறது, அடை வைத்தால் எல்லாம் கூமுட்டை

வெடைச்சேவல் ஏறுகிறது என்பதாலேயே கருக்கட்டும் என்று சொல்ல முடியாது. ஆரம்ப வாரங்களில் பாதி ஏற்றம் சறுக்கித்தான் போகும். ஆறு ஏழு மாதம் ஆகாத சேவலை நம்பி அடை வைக்காதீர்கள். அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது, தெளிவாக மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தால் எடுத்துவிடலாம். அடைக்கு ஏழு நாளுக்குள் வைத்த முட்டைதான் நல்லது, வெயில் காலத்தில் அதைவிடவும் புதுசு.

வீட்டிலேயே பிறந்த சேவல் அதே வீட்டுத் தாயோடும் தங்கைகளோடும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால் பொரிப்பு குறைந்துகொண்டே வரும், குஞ்சும் நோஞ்சானாகும். நல்ல சேவலாக இருந்தால் வேறு ஊர்ச் சொந்தக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய சேவலை எடுத்த பிறகும் மூன்று வாரம் வரை அதன் கருவே வரும் என்பதால், புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்றால் அந்த மூன்று வாரம் முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஈட்டில் நாலைந்து சேவல் வந்துவிட்டால், பெட்டையைத் துரத்தாமல் தீனிக்குக் கூப்பிடுகிற, பருந்து நிழல் பட்டால் எச்சரிக்கை கொடுக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனியே கட்டி வளர்த்து விற்றுவிடலாம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அப்புறம் ஆடி மாதம் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுவது, இந்த இரண்டு சமயமும் நாட்டுச் சேவலுக்கு ஆள் தேடி வருவார்கள். ஒடுகத்தூர்த் தங்கச்சி வீட்டில் ஆறு பெட்டைக்கு இரண்டு வெடைச்சேவல். ஒன்றை ஆடிக்கு விற்கவும், இன்னொன்றைக் காலையில் பஞ்சாரத்தில் போடவும் சொல்லியிருக்கிறேன்.